சண்டை நடக்குற நாட்டுலயும் பாடப் போற பாடகி, நம்ம டிக்கெட்டை என்ன பண்றது? (பெங்களூர் கேங் ரெண்டா ஒடஞ்சிருச்சு)

அல்சூர்_அனு

எல்லாருக்கும் வணக்கம், கொஞ்சம் நீளமான போஸ்ட்டு, பொறுத்துக்கோங்க. காலேஜ்லயும் ஆபீஸ்லயும் சேர்ந்த ஒரு கேங் நாங்க, எல்லாரும் ஒரே பாடகியோட ஃபேன்ஸ். பேர் சொல்ல மாட்டேன், சொன்னா இங்க ரெண்டு ஃபேன்டம் வந்து குடுமிப்பிடி சண்டை போடும், நான் கேக்க வந்தது காணாமப் போயிடும். அவங்க டூர்ல இந்தியா கெடையாது, அதனால சிங்கப்பூர் ஷோவுக்கு டிக்கெட் போட்டு ஃப்ளைட்டும் போட்டு தங்க ஹாஸ்டலும் புக் பண்ணியாச்சு. இப்ப போன வாரம் டூர்ல புதுசா சில தேதி சேத்தாங்க, அதுல ஒரு ஊரு போர் நடத்திட்டு இருக்குற ஒரு நாட்டுல வருது. அவ்ளோதான்.

ஒரு பாதி, நம்ம காசும் சேர்ந்துதான் அந்த மேடைக்குப் போகுது, டிக்கெட்டை வித்துட்டு வெளிய வருவோம்ங்குது. இன்னொரு பாதி, பாட்டு வேற பாலிடிக்ஸ் வேற, அங்க இருக்குற பொண்ணுங்களும் நம்மள மாதிரி ஃபேன்ஸ்தானேங்குது. நான் நடுவுல மாட்டிக்கிட்டேன், யாரு பேசுனாலும் அந்த நேரத்துக்கு அவங்க சொல்றது சரின்னு தோணுது.

எனக்கு உறுத்துறது இதுதான். 2025 ஏப்ரல்ல பஹல்காம் தாக்குதல் நடந்தப்போ சென்னையில அரிஜித் சிங் ஷோ கேன்சல் ஆச்சு, அனிருத் நம்ம பெங்களூர் ஹுக்கும் ஷோவுக்கு டிக்கெட் விக்கறதையே தள்ளி வெச்சாரு. அப்ப எங்க குரூப்ல ஒருத்தர் கூட பாட்டு வேற பாலிடிக்ஸ் வேறன்னு வாயத் தொறக்கல, எல்லாரும் கரெக்ட்டுன்னுதான் ஸ்டோரி போட்டோம். நமக்கு வலிச்சா நிறுத்தணும், அடுத்தவனுக்கு வலிச்சா மட்டும் மியூசிக் எல்லாரையும் ஒண்ணு சேக்கும்னா அது என்ன கணக்கு?

விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க. இந்த மாதிரி போக மாட்டோம் பாட மாட்டோம்னு சொன்னதால எங்கயாவது ஏதாவது ஆகியிருக்கா? அப்புறம் நாளைக்கே பதட்டம் அதிகமாகி டூரே நின்னுச்சுன்னா எங்க காசு என்ன ஆகும்? ரெண்டாவது கேள்வி சின்னத்தனமா தெரிஞ்சா மன்னிச்சுருங்க, மாச சம்பளக்காரங்க நாங்க.

டீக்கடை_டிரம்மர்

சிங்கப்பூர் போய் பாக்குற ஆளுங்க பிரச்சினையே தனி ரேஞ்சு. நாங்க எல்லாம் 2025 பிப்ரவரில சர்ச் ஸ்ட்ரீட்ல எட் ஷீரன் ஓசில பாடுனப்போ கூட, பாட்டு பாதில இருக்கைல போலீஸ்காரர் வந்து ஒயரைப் புடுங்குனதைப் பாத்த கோஷ்டி 😂 ஷிப்ட் முடிச்சுட்டு வந்து சீரியஸா எழுதுறேன்.

மாட்டுங்கா_மணி

அனு, நான் பம்பாய் மாட்டுங்காக்காரன். இங்க நம்ம ஷண்முகானந்தா ஹால் இருக்கில்ல, நம்ம ஆளுங்க ஆரம்பிச்ச சபா, சின்ன வயசுலேர்ந்து கச்சேரி கேக்கப் போற இடம். 2015 அக்டோபர்ல அங்க பாகிஸ்தான் கஜல் பாடகர் குலாம் அலி பாடுறதா இருந்தது, ஜக்ஜித் சிங் நினைவு நிகழ்ச்சி. சிவசேனா விட மாட்டோம்னு சொன்னாங்க, நிகழ்ச்சி ரத்து. அதே வருஷம் ஏப்ரல்லதான் அவரு காசியில சங்கட் மோசன் கோயில்ல வந்து பாடிட்டுப் போனாரு! கோயில் சந்நிதியில பாடலாம், எங்க ஹால்ல பாடக் கூடாதாம். அடுத்த ஜனவரில கொல்கத்தாவுல கூப்பிட்டு நேதாஜி இண்டோர் ஸ்டேடியத்துல பாட வெச்சாங்க. அதே மனுஷன், அதே கஜல், அதே பாஸ்போர்ட்டு. அந்தந்த ஊர்ல தெரு யாரு கையில இருக்கோ அவன் வெச்சது சட்டம், அவ்ளோதான் வித்தியாசம்.

அதனால உங்க குரூப்ல ரெண்டு விஷயத்தைப் போட்டுக் குழப்பிக்காதீங்கன்னு சொல்றேன். நான் டிக்கெட் வாங்க மாட்டேன்னு சொன்னா அது என் காசு என் இஷ்டம். நீயும் வாங்கக் கூடாது, வாங்குனா ஹால் கண்ணாடி ஒடையும்னு ஒருத்தன் சொன்னா அது மெரட்டல். வெளிய இருந்து பாத்தா ரெண்டுலயும் ஷோ நிக்குது, பேப்பர்லயும் ஒரே மாதிரிதான் போடுறான்.

அப்புறம் இதுல இன்னொரு வகையும் உண்டு, சர்க்கார் சொல்லி நிக்கிறது. 2025 மே 8-ம் தேதி பாகிஸ்தான் பாட்டு, சீரியல் எதுவும் ஓடக் கூடாதுன்னு ஓடிடிக்கும் ஸ்ட்ரீமிங்குக்கும் மத்திய அரசு சொல்லிருச்சு. என் பொண்ணு தூங்கறதுக்கு முன்னாடி கேக்குற லிஸ்ட்ல அங்கங்க பல்லு போன மாதிரி ஓட்டை. அதுக்கு யாருகிட்ட போய் கேப்பா, புறக்கணிக்கிறதா வேண்டாமான்னு யாரும் அவளைக் கேக்கவே இல்லையே.

ட்ரஸ்_ஏத்துறவன்

ஸ்ரீராமபுரம், பெங்களூர். ஸ்டேஜ் லைட்டிங் வேலை, பேலஸ் கிரவுண்ட்ஸ்ல ட்ரஸ் (லைட் தொங்குற இரும்புச் சட்டம்) ஏத்தி ஏத்தியே முதுகு போன ஆளு. அக்கா, ஃபேன்ஸ் எல்லாரும் பாடுறவங்க மனசு என்ன மனசாட்சி என்னன்னே பேசுறீங்க, எங்க லைன்ல மனசு கடைசிலதான் வரும். ஷோ நடக்குமா நிக்குமான்னு பாதி நேரம் முடிவு பண்றது போலீஸ் பர்மிஷனும் இன்சூரன்ஸும் சரக்கும்தான்.

இன்சூரன்ஸை எடுத்துக்கோங்க. ஷோ கேன்சல் ஆனா காசு குடுக்குற பாலிசி இருக்கு, ஆனா அதுல போர்னு வந்தா பொதுவா கவர் கெடையாது, முன்னாடியே வெளிய தள்ளி எழுதிருப்பான். டெரரிசத்துக்குத் தனியா காசு கட்டிச் சேக்கணும். தேசிய துக்கம் அறிவிச்சா ஷோ நிக்கும் பாருங்க, அதுக்கும் கூட தனியா கவர் விக்கிறான். பதட்டம் ஏற ஏற அந்த ரேட்டும் ஏறும், ஒரு கட்டத்துல குடுக்கவே மாட்டேம்பான். அப்ப மேனேஜர் மெதுவா ஒரு அறிக்கை விடுவாரு, இந்தக் கஷ்டமான நேரத்துல மக்களோட நிக்கிறோம்னு. எல்லாரும் பொய்னு சொல்லல, நெசமாவே மனசு கேக்காம நிறுத்துறவங்களும் உண்டு. ஆனா அறிக்கைய மட்டும் படிச்சுட்டு எது எதுன்னு உங்களால கண்டுபிடிக்க முடியாது.

சரக்கு அதைவிடப் பெரிய கதை. ஸ்டேடியம் டூர்னா ஸ்டேஜ் இரும்பு மட்டும் ஒண்ணுக்கு மேல செட் வெச்சிருப்பான், இங்க ஷோ நடக்கைல அங்க அடுத்த ஊர்ல இன்னொரு செட்டு ஏறிட்டு இருக்கும். லைட்டு, கன்சோல், ஸ்கிரீன் எல்லாம் ஷோ முடிஞ்ச ராத்திரியே அவுத்து பெட்டில போட்டு ஏர்போர்ட் போகணும். நடுவுல ஒரு ஏர்போர்ட் மூடுனா பின்னாடி இருக்குற அத்தனை ஊரும் சரியும். 2025 மே மாசம் வடக்கு மேற்குல 32 ஏர்போர்ட் மூடுனாங்களே ஞாபகம் இருக்கா, ஐபிஎல்லையே நிறுத்திட்டாங்க, அதுக்கு இருக்குற காசுக்கும் செல்வாக்குக்கும் அதுவே நின்னுச்சுன்னா கச்சேரி எம்மாத்திரம். (திரும்ப ஆரம்பிச்ச அன்னிக்கு நம்ம சின்னசாமில மழை வந்து அந்த மேட்சும் போச்சு, அது வேற சோகம்.)

ஆனா இதுக்கு நேர் எதிரா ஒண்ணு சொல்றேன், எங்க சீனியர் இன்னும் சொல்லிட்டே இருப்பாரு. 2003 ஏப்ரல் 4, பேலஸ் கிரவுண்ட்ஸ், இங்கிலாந்து ராக் பேண்ட் ரோலிங் ஸ்டோன்ஸ். ஈராக்ல அமெரிக்கா குண்டு போட ஆரம்பிச்சு ரெண்டு வாரம், பாக்தாத் இன்னும் விழல, இங்க மிக் ஜாக்கர் குதிச்சுட்டு இருக்காரு. அந்த டூர்ல நின்னது ஹாங்காங்கும் சீனாவும், அதுவும் சார்ஸ் காய்ச்சலுக்காக. போருக்கு நிக்காத டூர் காய்ச்சலுக்கு நின்னுச்சு. ஏன்னா போர் டூர் போற ரூட்ல இல்ல, காய்ச்சல் ரூட்ல இருந்துச்சு.

கடைசியா ஒண்ணு, யாரும் கேக்காதது. ஷோ நின்னா டிக்கெட் வாங்குனவங்களுக்கு ரீஃபண்ட் வரும். லோடிங் பசங்களுக்கு நாள் கூலி. ஒரு தடவை மேடை பாதி ஏறுனதும் ஷோ இல்லன்னாங்க, யாருன்னு வேண்டாம், ஏத்துனதுக்குக் கூலி குடுத்தாங்க, எறக்குனதுக்கு இன்னி வரைக்கும் வரல. எறக்காம அப்படியே வுட்டுட்டு வந்துருக்கணும் 😤

பழைய_கேசட்

நல்ல திரெட். அனு கேட்ட மொதல் கேள்விக்கு யாரும் பதில் சொல்லலையே, நான் சொல்றேன். வயசானவன், சிவாஜி நகர்ல கேசட் கடை வெச்சிருந்தவன்.

தென்னாப்பிரிக்கா. வெள்ளைக்காரன் கறுப்பின மக்களைத் தனியா ஒதுக்கி வெச்ச காலம், அங்க யாரும் போய் பாடாதீங்கன்னு ஐ.நா. வரைக்கும் சொல்லிருச்சு. அதைச் சுத்திப் போக அவங்க ஒரு வழி வெச்சிருந்தாங்க, போபுத்தட்ஸ்வானான்னு தனி நாடு மாதிரி ஒண்ணை வரைஞ்சு, உலகத்துல வேற யாரும் அதை ஒத்துக்கல, அதுக்குள்ள சன் சிட்டின்னு சூதாட்ட விடுதி. நாங்க தென்னாப்பிரிக்காவுல பாடலையே சன் சிட்டிலதானே பாடுனோம்னு பெரிய பெரிய ஆளுங்க காசு வாங்கிட்டுப் போய் பாடுனாங்க. 1984-ல இங்கிலாந்து ராக் பேண்ட் குயீன் போனாங்க. திரும்பி வந்தா இங்கிலாந்துல இசைக் கலைஞர் சங்கம் அபராதம் போட்டுச்சு, ஐ.நா. பட்டியல்லயும் பேரு ஏறிருச்சு. 1985-ல அமெரிக்க கிதார்காரர் ஸ்டீவன் வான் ஸாண்ட் ஒரு கூட்டமே சேத்து, நாங்க அங்க பாட மாட்டோம்னே ஒரு பாட்டு போட்டாரு.

அதால அங்க ஆட்சி மாறுச்சான்னு கேட்டா, பாட்டால மட்டும் இல்ல. பேங்க் கடனை நிறுத்துனது, பொருளாதாரத் தடை, எல்லாத்துக்கும் மேல அந்த மக்கள் தெருவுல நின்னது. ஆனா எங்க கடைக்கு வர்ற பசங்களுக்கு அந்த ஊரு மேப்ல எங்க இருக்குன்னே தெரியாது, பாட்டுக்காரங்க வர மாட்டேன்னு சொன்னதாலதான் ஏன்னு கேக்க ஆரம்பிச்சாங்க. அது சின்ன விஷயம் இல்லம்மா.

அதுலயே முடிச்சு ஒண்ணு இருக்கு. அமெரிக்கப் பாடகர் பால் சைமன் 1985-ல ஜோஹனஸ்பர்க் போய் அந்த ஊர் கறுப்பினக் கலைஞர்களோட உக்காந்து பதிவு பண்ணாரு, அடுத்த வருஷம் கிரேஸ்லேண்ட் ஆல்பம். தடையை மீறிட்டாருன்னு பயங்கர எதிர்ப்பு. ஆனா நாடு கடத்தப்பட்டு வெளிய வாழ்ந்துட்டிருந்த தென்னாப்பிரிக்கக் கலைஞர்கள் மிரியம் மக்கேபாவும் ஹியூ மசகேலாவும் அவரோட சேர்ந்து டூர் போனாங்க! அடி வாங்குனவங்களுக்குள்ளயே ஒரு பக்கம் போகாதேங்குது, ஒரு பக்கம் கூட வந்து நிக்குது. அந்த ஆல்பத்தை நான் எடுத்து ஒளிச்சு வைக்கல, வித்தேன், நல்லாவே வித்துச்சு.

என்னைக் கேட்டா பாக்க வேண்டியது ஒண்ணுதான். வராதேன்னு கேக்குறது யாரு? அடி வாங்குறவங்க கேட்டா காது குடு. தூரத்துல சோஃபால உக்காந்துட்டு ஒருத்தன் கேட்டா யோசி.

டீக்கடை_டிரம்மர்

வந்துட்டேன். பழைய கேசட் சார், சொன்னது நல்லாத்தான் இருக்கு, ஆனா அடி வாங்குறவங்களே ரெண்டா பிரிஞ்சு நிக்குறாங்கன்னு நீங்களே சொல்லிட்டு அப்புறம் அவங்களைக் கேளுங்கறீங்க. யாரைக் கேக்குறது, ஓட்டு எடுக்குறதா?

சரி என் கதை. நான் இங்க லைட் மியூசிக் ஆர்கெஸ்ட்ரால வாசிக்கிறேன், கல்யாணம், கணேஷ் பந்தல், ராஜ்யோத்சவா எல்லாம். உலக அரசியல் எல்லாம் நமக்குத் தெரியாது, நம்ம அரசியல் காவிரி. பேப்பர்ல காவிரி மொத பக்கத்துக்கு வந்துச்சுன்னா எங்க பாட்டு லிஸ்ட் அன்னிக்கு சாயங்காலமே மாறும். யாரும் வந்து மெரட்டணும்னு கூட இல்ல, ஏற்பாடு பண்றவரே போன் போட்டு, குரு இந்த வாரம் தமிழ் வேண்டாம் ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடின்னுவாரு. நாங்களும் அட்ஜஸ்ட் பண்ணிக்குவோம், இளையராஜா கன்னடத்துல போட்டதை எடுத்துக்குவோம், 1981-ல கீதா, 1983-ல பல்லவி அனுபல்லவி, கொறையா என்ன. கூட்டம் ஆடும், எங்களுக்குக் காசு வரும். ஆனா தமிழ் மட்டும் பாடுற எங்க பொண்ணு சிங்கருக்கு அந்த மாசம் வேலை இல்ல. அவ காவிரிக்கு என்ன பண்ணா?

2023 செப்டம்பர்ல சித்தார்த் இங்க சித்தா படத்துக்குப் பிரஸ் மீட் வெச்சப்போ கன்னட அமைப்புக்காரங்க காவிரிக்காக உள்ள வந்து நிறுத்துனாங்களே. அடுத்த நாள் சிவராஜ்குமார் எழுந்து கன்னட சினிமா சார்புல மன்னிப்புக் கேட்டாரு. அந்த ஒரு சாரிக்கு எங்க ஆர்கெஸ்ட்ரா ரூம்ல கை தட்டுனாங்க, கன்னடப் பசங்களும் சேர்ந்துதான். அதே மாதிரி 2025 ஏப்ரல்ல சோனு நிகம் இங்க ஒரு காலேஜ் ஷோல, கன்னடப் பாட்டு பாடச் சொல்லிக் கத்துன பையனைப் பஹல்காமோட முடிச்சுப் போட்டுப் பேசி, கேஸ் ஆகி, அப்புறம் அவரே மன்னிப்புக் கேட்டாரு. மேடைல இருக்குறவன் வாயும் கொஞ்சம் கட்டணும் மச்சா, மைக் கையில இருந்தா எல்லாம் தெரிஞ்ச மாதிரி ஆயிடுது.

வல்வெட்டித்துறை_டூ_வைட்ஃபீல்டு

எங்கட கதையையும் கொஞ்சம் கேளுங்கோ. அம்மா அப்பா யாழ்ப்பாணம், நான் இங்க வைட்ஃபீல்டில வேலை.

2010 ஜூன் மாதம் கொழும்பில ஹிந்தி சினிமாக்காரரின்ர ஐஃபா விருது விழா வைச்சவை. சண்டை முடிஞ்சு ஒரு வருசம்தான். சனம் முகாமில இருந்து வெளியில வந்து முடியேல்லை, அங்க சிவப்புக் கம்பளம். தென்னிந்திய சினிமாக்காரர் போகக் கூடாது எண்டு சொல்லிச்சினம், அமிதாப் பச்சனும் போகேல்லை. அண்டைக்கு அது எங்களுக்கு எவ்வளவு ஆறுதல் எண்டு சொல்லத் தெரியாது, ஆரோ ஒருத்தர் எங்களைப் பாத்திட்டினம் எண்ட மாதிரி. ஆகவே புறக்கணிப்பால ஒண்டும் நடக்காது எண்டு ஆரும் சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டன்.

ஆனால் மற்றப் பக்கமும் இருக்கு. 2023 அக்டோபரில சந்தோஷ் நாராயணன் யாழ் முற்றவெளியில யாழ் கானம் வைச்சவர், டிக்கெட் இல்லை, இலவசம். என்ர பெரியம்மா அங்கதான் இருக்கிறா, போனில சொன்னா, "அங்க தமிழ்நாட்டில இருந்துகொண்டு போகாதை போகாதை எண்டுறது லேசு மோனை, நாங்கள் எத்தினை வருசம் ஒரு பாட்டுக் கச்சேரி பாக்காமல் இருந்தனாங்கள் எண்டு உங்களுக்குத் தெரியுமே." நான் வாயே திறக்கேல்லை. அப்ப வராதைங்கோ எண்டதும் நாங்கள்தான், பிறகு வாங்கோ எண்டதும் நாங்கள்தான். டிரம்மர் அண்ணை கேட்ட ஓட்டுக் கணக்கு எனக்கும் தெரியாது, ஆனால் 2010-க்கும் 2023-க்கும் இடையில காலம் மாறிச்சுது, மேடையில நிண்டு ஆரைக் கொண்டாடினம் எண்டதும் மாறிச்சுது. அந்த விருது விழா அரசாங்கம் தன்ரை முகத்தைக் கழுவ வைச்சது. முற்றவெளியில வைச்சது சனம் பாக்க.

எம்.ஐ.ஏ. எண்ட பேர் இங்க ஒருத்தரும் சொல்லேல்லை, பாப் மியூசிக் திரெட் எண்டுறியள்! இங்கிலாந்தில பாடுற எங்கட ஈழத்தமிழ்ப் பிள்ளை, முதல் ஆல்பத்துக்குத் தகப்பன்ரை பேரையே வைச்சவ, அருளர் எண்டு. 2006-ல அமெரிக்காவுக்குள்ள போக விசா குடுக்கேல்லை, அங்க பதிவு செய்ய வைச்சிருந்த திட்டம் எல்லாம் போச்சு. அவ சென்னைக்கு வந்து உறுமி மேளக்காரரை வைச்சு அடுத்த ஆல்பத்துக்குப் பதிவு செய்தவ. கதவைச் சாத்தினதால வந்த சத்தம் அது. சில நேரம் அரசியல் பாட்டை நிப்பாட்டும், சில நேரம் இப்பிடி வேற பக்கம் திருப்பி விடும்.

கேபாப்_கவிதா

அனு நீ என் குரூப்ல இருக்கியோன்னு டவுட்டா இருக்கு 😅 எங்க பக்கம் இதெல்லாம் தினமும் நடக்குது. 2016-ல தென்கொரியா தாட் ஏவுகணைத் தடுப்பை வைக்கிறேன்னு சொன்னது சீனாவுக்குப் புடிக்கல, அதுலேர்ந்து அங்க கே-பாப் (கொரியன் பாப்) கச்சேரி கிட்டத்தட்ட போச்சு, வருஷக்கணக்கா. தடைன்னு எழுத்துல யாரும் அறிவிக்கவே இல்ல, பர்மிஷன் மட்டும் வராது, கேட்டா அப்படி எதுவும் இல்லையேங்கறாங்க. ஏவுகணைக்கும் அந்தப் பொண்ணுங்க ஆடுறதுக்கும் என்ன சம்பந்தம் சொல்லு.

2018 நவம்பர்ல கொரியன் பாய் பேண்ட் பிடிஎஸ் ஜப்பான் டிவில வர வேண்டியது கடைசி நேரத்துல கட் ஆச்சு, அதுல இருக்குற ஜிமின் எப்பவோ போட்ட டி-ஷர்ட்ல அணுகுண்டுப் படம் இருந்துச்சுன்னு. கொரியாவுல அது விடுதலை நாள் டி-ஷர்ட், ஜப்பான்ல அது ஹிரோஷிமா. அதுல யாரு பக்கம் நிப்ப நீ? நான் ஆர்மிதான் (பிடிஎஸ் ஃபேன்ஸுக்கு அதுதான் பேரு), ஆனாலும் ஹிரோஷிமாவுல இருக்குற ஒரு ஆர்மிய நெனச்சுப் பாத்தேன், என்னால அன்னிக்கு ட்ரெண்டிங் டேக் போட முடியல.

இப்ப 2025 நவம்பர்ல தைவான் பத்தி ஜப்பான் பிரதமர் பேசுனதுக்கு சீனாவுல ஜப்பான் பாடகிங்க ஷோ வரிசையா நின்னுச்சு. மாகி ஓட்ஸுகி ஷாங்காய்ல பாடிட்டு இருக்கைலயே லைட்டை அணைச்சு மேடைலேர்ந்து எறக்கிட்டாங்க, அந்த வீடியோவை என்னால முழுசா பாக்க முடியல. அடுத்த நாள் ஹமசாகி அயுமி ஷோவும் ரத்து. அவங்க என்ன பண்ணாங்க தெரியுமா, 14,000 சீட்டும் காலியா கெடக்க, ஒருத்தர் கூட இல்லாத ஹால்ல முழு ஷோவையும் பண்ணிட்டு, அப்புறம்தான் ஊருக்குக் கெளம்புனாங்க. ட்ரஸ் அண்ணா சொன்ன அந்தக் கூலிக்காரங்க எல்லாம் அன்னிக்கு மேடைல வேலை பாத்துருப்பாங்கல்ல.

அதனால எனக்கு அரசாங்கம் பண்ற தடை எதுவுமே புடிக்காது. ஃபேன் தானா விலகுனா அது வேற. ஆனா ஒண்ணு, கூட்டமா விலகச் சொல்லி மத்தவளை அசிங்கப்படுத்துறது இருக்கு பாரு, லிஸ்ட் போட்டு இவ இன்னும் டிக்கெட் விக்கலன்னு ஸ்க்ரீன்ஷாட் போடுறது, அது வேண்டவே வேண்டாம்டி.

பழைய_கேசட்

டிரம்மர் தம்பி மடக்குனது சரிதான், அதுக்கு என்கிட்ட பதில் இல்ல. யாழ்ப்பாணத்துப் பிள்ளை சொன்னது என்னைவிட நல்லா இருக்கு, மேடை யாருக்காகப் போட்டதுன்னு பாக்குறது.

கவிதா சொன்ன கூட்டமா விலகுறதுல ஒரு வேடிக்கை கேளுங்க. லார்ட்னு ஒரு பாடகி, அடுத்த வருஷம் இஸ்ரேல்ல டெல் அவிவ்ல பாடுறதா 2017-ல அறிவிச்சிருந்தாங்க. அவங்க ஊர் நியூசிலாந்துலேர்ந்து ரெண்டு பொண்ணுங்க, ஒருத்தி யூதப் பொண்ணு ஒருத்தி பாலஸ்தீனப் பொண்ணு, போகாதேன்னு வெளிப்படையா ஒரு கடிதம் எழுதுனாங்க. லார்ட் யோசிச்சு ரத்து பண்ணிட்டாங்க. டிக்கெட் வாங்குன மூணு இஸ்ரேல் பொண்ணுங்க சார்பா கேஸ் போட்டாங்க, பாடகி மேல இல்ல, கடிதம் எழுதுனவங்க மேல! 2018-ல இஸ்ரேல் கோர்ட்டு நஷ்டஈடு குடுன்னு தீர்ப்பே சொல்லிருச்சு, புறக்கணிக்கச் சொன்னா வழக்குப் போடலாம்னு அங்க 2011-லேர்ந்து ஒரு சட்டம் இருக்கு. ஃபேனோட ஏமாற்றத்துக்கு கோர்ட்டு வெல போட்டதை நான் அங்கதான் பாத்தேன்.

அதே 2017-ல இங்கிலாந்து பேண்ட் ரேடியோஹெட் எவ்வளவோ பேர் கேட்டும் டெல் அவிவ் போய்ப் பாடிட்டுத்தான் வந்தாங்க. இப்ப அங்க போவீங்களான்னு 2025-ல கேட்டதுக்கு மாட்டவே மாட்டேன்னாரு அந்த பேண்ட் பாடகர் தாம் யார்க். எட்டு வருஷத்துல பாடகருக்கே மனசு மாறுது, உன் கேங் ஒரு வாரத்துல முடிவு எடுக்கணும்னு என்ன அவசரம்?

அல்சூர்_அனு

எல்லாருக்கும் தேங்க்ஸ், இவ்ளோ வரும்னு எதிர்பாக்கல. இந்த திரெட்டை குரூப்ல போட்டேன், சண்டை கொறையல ஆனா தரம் கூடிருச்சு 😂 இப்ப சன் சிட்டி சன் சிட்டின்னு கத்துறாங்க.

எங்க பாடகி அங்க பாடுற இடம் அரசாங்கம் நடத்துற விழாவா இல்ல சாதாரண டிக்கெட் ஷோவான்னு ஒருத்தி தேடிப் பாத்தா, தனியார் ஷோதான், ஆனா அந்த ஊர் டூரிசம் டிபார்ட்மென்ட் பேரு ஸ்பான்சர்ல இருக்கு. அதைப் பாத்ததும் எனக்குக் கொஞ்சம் மனசு விட்டுப் போச்சு, வல்வெட்டித்துறை அண்ணா சொன்ன முகம் கழுவுறதுதான் ஞாபகம் வந்துச்சு. நானும் இன்னொருத்தியும் விக்கலாம்னு இருக்கோம், மத்தவங்க போறாங்க. யாரையும் லிஸ்ட் போட மாட்டோம் கவிதா, ப்ராமிஸ்.

ட்ரஸ் அண்ணா, காசு கேள்விக்கு நீங்களே சொல்லுங்களேன்.

ட்ரஸ்_ஏத்துறவன்

சொல்றேன். ஷோவே நின்னா டிக்கெட் காசு வரும், அதுல பயப்பட வேண்டாம், புக்கிங் சார்ஜ் மட்டும் சில எடத்துல பிடிப்பான். ஃப்ளைட்டும் தங்குற எடமும்தான் ஆப்பு. 2024 ஆகஸ்ட்ல வியன்னால டெய்லர் ஸ்விஃப்ட் ஷோ மூணும் குண்டு வெக்கிற சதின்னு நிறுத்துனாங்க, டிக்கெட் ரீஃபண்ட் ஆச்சு, ஆனா எந்தெந்த ஊர்லேர்ந்தோ பறந்து வந்த பசங்க ஒரு தெருவுல கூடிப் பாட்டுப் பாடி கையில கட்டுற மணியை மாத்திக்கிட்டுத் திரும்புனாங்க. அவங்க ஃப்ளைட் காசை எந்த ஆர்கனைசரும் குடுக்கல, குடுக்கவும் மாட்டான், டிக்கெட் பின்னாடி சின்ன எழுத்துல அப்படித்தான் இருக்கும்.

டிராவல் இன்சூரன்ஸ் எடுத்திருந்தா அதுல போர், கலவரம் பத்தி என்ன எழுதிருக்குன்னு படிங்க, முக்காவாசி கவர் ஆகாது. ஏற்கனவே நியூஸ்ல வந்துட்ட பதட்டத்துக்கு இப்ப போய் புதுசா பாலிசி எடுத்தாலும் செல்லாது, தெரிஞ்சே வாங்குனேன்னு சொல்லிடுவான்.

விக்கிறவங்க ஆர்கனைசர் சொன்ன ரீசேல்லயே வில்லுங்க, வாட்ஸ்அப்ல முன்னப்பின்ன தெரியாதவனுக்கு வித்து கியூஆர் கோடை அனுப்பிட்டு அழாதீங்க. டிக்கெட்ல பேர் இருந்தா மாத்த முடியுமான்னும் பாத்துக்கோங்க. அப்புறம் ஹாஸ்டல் ஃப்ரீ கேன்சலேஷன் கடைசி தேதி எதுன்னு இன்னிக்கு ராத்திரியே பாருங்க, குரூப் சண்டையை நாளைக்குக் கூட போட்டுக்கலாம்.